ஃப்ளாட் பாரிலிருந்து டிராப் பாருக்கு: மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

ஃப்ளாட் பார் வைத்த ஹைப்ரிட் சைக்கிளில் தொடங்கி, அதிகாலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்று பழகி, 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஒன்றுக்குப் பெயர் கொடுக்கிற கட்டத்துக்கு வந்தவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இருக்கிற சைக்கிளிலேயே வளைந்த டிராப் பாரைப் பூட்டிக்கொள்ளலாமா, இல்லை, ரோடு பைக் ஒன்றைத் தனியாக வாங்கத்தான் வேண்டுமா? இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்கின்றன. ‘நாலு போல்டைக் கழற்றி மாட்டுகிற வேலைதானே’ என்கிறது ஒரு கட்சி. ‘அதில் காசைக் கொட்டாதே, விற்றுவிட்டு வேறு வாங்கு’ என்கிறது மறு கட்சி. இரண்டும் சில சைக்கிள்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எது எந்தச் சைக்கிளுக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஹேண்டில்பாரை மாற்றினால் கூடவே மூன்று விஷயங்கள் மாறுகின்றன: உட்காரும் நிலை, பிரேக், கியர். இம்மூன்றையும் இதே வரிசையில் ஆராய வேண்டும் என்பது என் முடிவு. ஃப்ரேம் உடம்புக்கு ஒத்துவராவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை. பிரேக் ஒத்துவராவிட்டால் உயிருக்கு ஆபத்து. கியர் ஒத்துவராவிட்டால் நஷ்டம் பணமும் பொறுமையும்தான். ஆனால் மாற்ற விரும்புகிறவர்களில் பலர் கியர் லீவரில் தொடங்கி ஃப்ரேமில் முடிக்கிறார்கள். ஏமாற்றமும் அங்கேதான் பிறக்கிறது.

டிராப் பார் உண்மையில் என்ன தருகிறது

ஃப்ளாட் பாரில் கைக்கு ஒரே இடம்தான். உள்ளங்கை தரையை நோக்கி, மணிக்கட்டு முறுக்கிய நிலையில் மணிக்கணக்காக இருக்கும். உள்ளங்கையின் வெளி ஓரத்தில், எலும்புகளுக்கு இடையிலான குறுகலான வழியில் அல்நார் நரம்பு ஓடுகிறது. உடம்பின் பாரம் அந்த இடத்திலேயே அழுந்திக்கொண்டிருந்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. நெடுந்தூரம் மிதிப்பவர்களுக்கு இது நன்கு தெரிந்த தொல்லை.

டிராப் பாரில் கைக்கு மூன்று இடங்கள் உண்டு: மேலே நேராக இருக்கும் பகுதி, பிரேக் லீவரின் ரப்பர் உறை போர்த்திய ஹூட், கீழ் வளைவு. ஹூட்டைப் பிடிக்கும்போது உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கின்றன. மணிக்கட்டின் முறுக்கு விலகுகிறது. இதனால் மரத்துப்போவது அடியோடு நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சீட்டின் முனை கீழே சாய்ந்திருந்தாலோ, பார் அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தாலோ டிராப் பாரிலும் கை மரக்கும். ஆனால் பாரம் விழும் இடத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் வசதி கிடைக்கிறது. 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 என்று உச்ச வரம்பு வைத்திருக்கும் பிரெவே ஓட்டத்தில் அந்த வசதியின் மதிப்பு பெரியது.

அடுத்தது காற்று. காற்று அசையாத நாளில் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் மிதிப்பவரின் உழைப்பில் பெரும் பங்கு காற்றைப் பிளக்கத்தான் போகிறது. அந்தக் காற்றை மறித்து நிற்பதில் சைக்கிளைவிட உடம்பின் பங்கே பெரிது. முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, மார்பைத் தாழ்த்திக்கொள்ள டிராப் பார் இடம் தருகிறது. பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடற்காற்றை எதிர்த்து மிதித்தவருக்கும், ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்துப் பொள்ளாச்சிப் பக்கம் போனவருக்கும் இதற்குச் சான்று தேவையில்லை.

இழப்பும் உண்டு. ஹைப்ரிடின் ஃப்ளாட் பார் ஏறத்தாழ 580 முதல் 620 மி.மீ. அகலம் இருக்கும். டிராப் பார் 400 முதல் 440 மி.மீ. அகலம்தான். குழிகள் நிறைந்த தெருவில் மெதுவாகப் போகும்போது அகலமான பார் தரும் பிடிமானம் குறுகிய பாரில் கிடைக்காது. நெரிசலில் எந்நேரமும் பிரேக் மேல் விரல் வைத்தபடி நிமிர்ந்து பார்த்து ஓட்டுவதற்கும் ஃப்ளாட் பாரே மேல். தினமும் ஐந்து கிலோமீட்டர் அலுவலகம் போய்வருகிறவருக்கு இந்த மாற்றத்தால் ஆதாயம் எதுவும் இல்லை.

இரு உலகங்களும் கலந்த வரலாறு

ஃப்ளாட் பாரும் டிராப் பாரும் ஒன்றையொன்று தொடாத இரண்டு சாதிகள் என்று நினைக்கத் தேவையில்லை. ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் சிர்ரஸ் என்ற பெயர் 1980களின் பிற்பகுதியில் டிராப் பார் வைத்த ரோடு பைக்கைக் குறித்தது; பின்னாளில் அதே பெயரில் ஃப்ளாட் பார் சைக்கிள்கள் வந்தன. எதிர்த்திசைப் பயணமும் நடந்திருக்கிறது. அதே நிறுவனம் 1989இல் ராக் காம்போ என்ற மலைச் சைக்கிளை டிராப் பாரோடு விற்றது. அமெரிக்க வீரர் ஜான் டோமாக் 1990இல் சாலைப் போட்டிகளிலும் மலைப் போட்டிகளிலும் ஒருசேரக் கலந்துகொண்டார். இரண்டிலும் உட்காரும் நிலை ஒன்றாக இருக்கட்டும் என்று தன் யெட்டி மலைச் சைக்கிளில் டிராப் பாரைப் பூட்டி ஓட்டினார். பிரிட்ஜ்ஸ்டோனின் 1992ஆம் ஆண்டு எக்ஸ்ஓ-1 சைக்கிள் மீசை வடிவப் பாரோடு வந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் காட்டியது.

நம் கேள்விக்கு அதிகம் உதவும் உதாரணம் சால்சா நிறுவனத்தின் ஃபார்கோ. மலைச் சைக்கிளின் பெரிய சக்கரங்களுக்கு டிராப் பாரைக் கொடுக்க விரும்பியவர்கள், இருந்த மலைச் சைக்கிளில் பாரை மட்டும் மாற்றி விற்றுவிடவில்லை. மேல் குழாயின் நீளத்தைக் குறைத்து, தலைக்குழாயை உயர்த்தி, ஃப்ரேமையே டிராப் பாருக்கென்று வடிவமைத்தார்கள். பார் மாறினால் ஃப்ரேமின் அளவும் மாற வேண்டும் என்பதை இத்தொழிலில் இருப்பவர்களே இப்படி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் மாற்றுகிறவரால் ஃப்ரேமை மாற்ற முடியாது. அந்த வித்தியாசத்தை அவர் வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும்.

முதல் சோதனை: எட்டும் தூரம்

ஃப்ளாட் பாரில் கைப்பிடி ஏறத்தாழ பாரின் நடுக்கோட்டிலோ, அதற்குச் சற்றுப் பின்னாலோ இருக்கிறது. டிராப் பாரில் ஹூட் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இன்று அதிகம் விற்கும் காம்பாக்ட் வகைப் பார்களே 70 முதல் 85 மி.மீ. வரை முன்னே நீள்கின்றன. அதற்கு மேல் லீவரின் உடல் இன்னும் சில சென்டிமீட்டர் தள்ளிக் கையை ஏந்துகிறது. ஆக, பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் அப்படியே இருக்க பாரை மட்டும் மாற்றினால், கை ஏறக்குறைய 100 மி.மீ. முன்னால் போய்விடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஃப்ளாட் பாருக்கென்று வடிவமைத்த ஃப்ரேம்கள், அதே அளவு ஆளுக்கான ரோடு ஃப்ரேம்களைவிடப் பொதுவாக முன்புறம் நீளமானவை. மாடலுக்கு மாடல் வேறுபட்டாலும் 10 முதல் 30 மி.மீ. வரை வித்தியாசம் இருப்பது சகஜம். ஃப்ரேமின் முன்புற நீளத்தைச் சொல்லும் ரீச், உயரத்தைச் சொல்லும் ஸ்டாக் என்ற இரு அளவுகளையும் உற்பத்தியாளரின் அட்டவணையிலிருந்து எடுத்து, தனக்குப் பொருந்தும் என்று தெரிந்த ஒரு ரோடு பைக்கின் அளவுகளோடு ஒப்பிட வேண்டும். இதுதான் முதல் வேலை. பாகங்களுக்குக் காசு கொடுப்பது இதற்குப் பிறகுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இப்போதைய ஸ்டெம் 100 மி.மீ.; புதிய பாரின் நீட்சி 70; லீவரால் கூடுவது 30. ஸ்டெம்மை 60 ஆக்கினால் 40 மி.மீ. திரும்பக் கிடைக்கிறது. எஞ்சுவது 60 மி.மீ. ஹைப்ரிடில் நிமிர்ந்து உட்கார்ந்தவர் ரோடு நிலைக்கு மாறும்போது இதில் ஒரு பகுதியை விரும்பியே ஏற்பார். முன்னால் சாய்வதற்குத்தானே இந்த மாற்றம். ஆனால் அவருடைய ஹைப்ரிட் ஏற்கெனவே ஓர் அளவு பெரியதாக இருந்தால், அந்த 60 மி.மீ. முதுகையும் கழுத்தையும் வாட்டிவிடும். நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் ஃப்ரேம் பெரிதாக இருப்பது அவ்வளவாக உறுத்தாது. டிராப் பார் போட்டதும் அது வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

60 மி.மீ. ஸ்டெம் போட்டால் சைக்கிள் அலையும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. டிராப் பாரின் ஹூட்டைப் பிடிக்கும்போது கை, திருப்பும் அச்சிலிருந்து ஏற்கெனவே நன்றாக முன்னால் இருக்கிறது. அதனால் குட்டை ஸ்டெம்மின் துடிப்பு ஓரளவு அடங்கிவிடுகிறது. செய்யவே கூடாதது வேறொன்று: தூரம் எட்டவில்லை என்று சீட்டை முன்னுக்குத் தள்ளுவது. சீட்டின் இடத்தைப் பெடலுக்கும் முழங்காலுக்கும் உள்ள உறவு தீர்மானிக்க வேண்டும். ஹேண்டில்பாருக்காக அதைக் கலைத்தால் கை வலி போய் முழங்கால் வலி வரும்.

60 மி.மீ. ஸ்டெம்மும், 70 மி.மீ. நீட்சியுள்ள பாரும் போட்ட பிறகும் தூரம் அதிகம் என்று கணக்கு சொன்னால், அந்த ஃப்ரேமை டிராப் பாருக்கு மாற்றாமல் விடுவதே சரி. கணக்கு ஒத்துவந்தால் மேலே படிக்கலாம்.

விட்டம் என்ற வாசல்

பாரும் ஸ்டெம்மும் சேரும் இடத்தின் விட்டம் பெரும்பாலும் 31.8 மி.மீ. இது இரு வகைப் பார்களுக்கும் பொது. பழைய, விலை குறைந்த ஹைப்ரிட்களில் 25.4 மி.மீ. இருக்கும்; பழைய ரோடு பார்களில் 26.0 மி.மீ. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றை மற்றொன்றில் நெருக்கிப் பூட்டுவது ஆபத்து. எப்படியும் குட்டை ஸ்டெம் வாங்கப்போவதால், 31.8 அளவிலேயே வாங்கிவிட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடும்.

லீவர் பூட்டும் இடத்தின் விட்டமே உண்மையான தடை. ஃப்ளாட் பாரில் அது 22.2 மி.மீ.; டிராப் பாரில் 23.8 மி.மீ. வித்தியாசம் 1.6 மி.மீ.தான். ஆனால் பழைய பிரேக் லீவரும் ஷிஃப்டரும் டிராப் பாரின் வளைவுகளைத் தாண்டி உள்ளே ஏறுவதையே இது தடுத்துவிடுகிறது. இருக்கிற லீவர்களையே மாட்டிக்கொள்ளலாம் என்ற சிக்கனக் கனவு இங்கே முடிகிறது. பிரேக் லீவரும் கியர் லீவரும் புதிதாக வேண்டும். செலவின் பெரும் பகுதி இதில்தான் போகிறது.

இரண்டாவது சோதனை: பிரேக்

பிரேக் லீவர் ஒவ்வொன்றும் ஓர் அழுத்தத்துக்கு இவ்வளவு கேபிள் இழுக்க வேண்டும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. ரோடு பைக் லீவர்கள் குறைவாக இழுப்பவை. ரோடு காலிப்பர், கேண்டிலீவர், ரோடு வகை டிஸ்க் ஆகியவற்றுக்கு அவை பொருந்தும். ஷிமானோ 1996இல் கொண்டுவந்த வி-பிரேக்குக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கேபிள் தேவை. ஹைப்ரிட்களில் பெரும்பாலானவை வி-பிரேக்கோ, வி-பிரேக் அளவு கேபிள் கேட்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கோ வைத்திருக்கின்றன.

குறைவாக இழுக்கும் ரோடு லீவரை முழு நீள வி-பிரேக்கோடு இணைத்தால், கட்டை ரிம்மை ஒழுங்காகக் கவ்வுவதற்கு முன்பே லீவர் பாரில் போய் முட்டிவிடும். கட்டையை ரிம்முக்கு வெகு நெருக்கமாக வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்கள் உண்டு. சக்கரம் சற்றே கோணினாலும் கட்டை உரசும். கட்டை தேயத் தேய லீவரின் பயணம் நீண்டு, ஒரு நாள் இறக்கத்தில் கைவிட்டுவிடும். இந்தச் சமாளிப்பை எந்த நிலையிலும் நான் ஏற்கமாட்டேன். இதன் எதிர்ச்சேர்க்கையும் தவறுதான்: அதிகம் இழுக்கும் லீவரை ரோடு காலிப்பரோடு இணைத்தால் லீவர் கல்போல் இறுகியிருக்கும், ஆனால் பிடிக்கும் வலு குறைந்துபோகும்.

முறையான வழிகள் நான்கு. முதலாவது, டிராப் பாருக்கென்றே அதிகம் இழுக்கும்படி செய்த டெக்ட்ரோ ஆர்எல்520 போன்ற லீவர். வி-பிரேக் அப்படியே இருக்கலாம். ஆனால் இந்த லீவரில் கியர் மாற்றும் வசதி இல்லை. இரண்டாவது, மினி வி-பிரேக். வழக்கமான வி-பிரேக்கின் கைகள் 100 மி.மீ.க்குச் சற்று மேல் நீளமானவை; மினி வகையில் 80 முதல் 90 மி.மீ. வரைதான். கை குட்டையானதால் குறைந்த கேபிளிலேயே பிடித்துவிடும். அகலமான டயரும் மட்கார்டும் இருந்தால் மட்டும் இடம் நெருக்கடியாகும். மூன்றாவது, வி-பிரேக்கைத் தாங்கும் அதே குமிழ்களில் ஏறும் கேண்டிலீவர் பிரேக். கேபிள் அவுட்டரைத் தாங்க முன்னும் பின்னும் ஒரு கொக்கி வேண்டும். நான்காவது, கேபிள் போகும் வழியில் ஒரு சிறு கப்பியை வைத்து இழுப்பைப் பெருக்கும் டிராவல் ஏஜென்ட் போன்ற கருவி. இது வேலை செய்யும். ஆனால் கப்பியின் வளைவில் கேபிள் சீக்கிரம் நைந்துவிடுமாதலால் அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மெக்கானிக்கல் டிஸ்க் இருந்தால் வேலை சுலபம். ரோடு லீவருக்கென்று செய்த டிஆர்பி ஸ்பையர், ஆவிட் பிபி7 ரோடு ஆகியவற்றில் ஒன்றைப் பழைய காலிப்பரின் இடத்தில் வைத்தால் போதும். பிபி7இல் மலை, ரோடு என இரு வகைகள் உண்டு. வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஹைட்ராலிக் டிஸ்க்தான் செலவு மிகுந்த கட்டம். டிராப் பாருக்கான ஹைட்ராலிக் லீவர்கள் விலை அதிகம்; அவை பெரும்பாலும் 10, 11 கியர்களுக்கும் அதற்கு மேலும்தான் கிடைக்கின்றன. ஷிமானோ மினரல் ஆயிலில் இயங்குகிறது. ஸ்ராமின் ரோடு லீவர்கள் டாட் திரவத்தில் இயங்குகின்றன. ஒன்றின் லீவரையும் மற்றொன்றின் காலிப்பரையும் சேர்த்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். கேபிளால் இழுத்து, காலிப்பருக்குள்ளேயே திரவ அழுத்தமாக மாற்றும் டிஆர்பி ஹை-ஆர்டி போன்றவை இதற்கு ஒரு நடுவழி.

ஹைப்ரிடில் ரோடு காலிப்பர் பிரேக் இருந்தால் அது அதிர்ஷ்டம். ரோடு லீவர் நேரடியாகப் பொருந்தும். பிரேக் பற்றிய கவலையே இல்லை.

மூன்றாவது சோதனை: கியர்

செயினை ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் கருவி டீரெய்லர். பின் டீரெய்லரைப் பொறுத்தவரை, ஷிமானோவின் 7, 8, 9 கியர் மலைப் பாகங்களும் ரோடு பாகங்களும் ஒரே இழுப்பளவில் இயங்குகின்றன. ஆல்டஸ், அசெரா போன்ற 8 கியர் டீரெய்லரை கிளாரிஸ் லீவரால் இயக்கலாம். 9 கியர் அலிவியோவை சோரா லீவரால் இயக்கலாம். 7 கியருக்கு டூர்னியின் ஏ070 வகை லீவர் உண்டு. கேசட்டின் பற்களுக்கு இடையிலான தூரம் இரு வகைகளிலும் ஒன்றே என்பதால் அதையும் மாற்ற வேண்டாம். விற்கிற ஹைப்ரிட்களில் கணிசமானவை இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவது நல்ல செய்தி.

10 கியரில் வழி பிரிகிறது. ஷிமானோவின் 10 கியர் மலை டீரெய்லர் வேறு இழுப்பளவுக்கு மாறிவிட்டது. ரோடு லீவரோடு அது ஒத்துப்போகாது. ஆனால் பழைய 9 கியர் மலை டீரெய்லர் ஒன்றை வைத்தால், டியாக்ரா 4600, 105 5700 போன்ற 10 கியர் ரோடு லீவர்களோடு அது ஒழுங்காக வேலை செய்யும். டியாக்ரா 4700 மட்டும் விதிவிலக்கு: பெயரளவில் 10 கியர், இழுப்பளவில் 11 கியர் ரோடு குடும்பம். 11 கியரில் மலையும் ரோடும் முற்றிலும் வேறு. இழுப்பளவை மாற்றித் தரும் வுல்ஃப் டூத் டான்பான் போன்ற கப்பிகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. ஷிமானோ 2023இல் ஃப்ளாட் பார் சைக்கிள்களுக்குக் கொண்டுவந்த க்யூஸ் வகை தனிக் குடும்பம். பழைய கிளாரிஸ், சோரா லீவர்களை அதனோடு சேர்க்கக் கூடாது.

ஸ்ராமில் 10 கியர் ரோடு லீவரும் 10 கியர் மலை டீரெய்லரும் ஒரே இழுப்பளவு கொண்டவை. மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட், அட்வென்ட் எக்ஸ் வரிசைகளில் ஒரே டீரெய்லருக்கு ஃப்ளாட் பார் ஷிஃப்டரும் டிராப் பார் லீவரும் தனித்தனியே கிடைக்கின்றன. மாற்றுகிறவரை மனத்தில் வைத்துச் செய்ததுபோல் அமைந்த ஏற்பாடு இது.

முன் டீரெய்லர் கதை வேறு. அதில் மலை வகையும் ரோடு வகையும் எத்தனை கியராக இருந்தாலும் இழுப்பளவில் ஒத்துப்போவதில்லை. ஃப்ளாட் பார் ரோடு பைக்குகளுக்கென்றே ஷிமானோ ஒரு காலத்தில் தனி முன் டீரெய்லர்கள் செய்ததும் இதனால்தான். மேலும், மலை வகையின் கேபிள் சில ஃப்ரேம்களில் மேலிருந்து வரும். ரோடு வகை கீழிருந்து இழுபடுவது. ரோடு முன் டீரெய்லரின் வளைவு பெரும்பாலும் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் கொண்ட செயின்ரிங்கை ஒட்டிச் செய்யப்பட்டது. 48-38-28 பற்கள் கொண்ட ஹைப்ரிட் செட்டில் அது கச்சிதமாகப் படியாது.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு எளிய வழிகள். ஒன்று, பாரின் முனையில் செருகும் பார்-எண்ட் ஷிஃப்டர். அதன் இடப்பக்க லீவர் படிகளில்லாமல் உராய்வில் நிற்பதால் எந்த முன் டீரெய்லரையும் இயக்கும். மற்றொன்று, முன் டீரெய்லரையே கழற்றிவிட்டு ஒற்றை செயின்ரிங்குக்கு மாறுவது. செயின் கழலாதபடி அகலமும் குறுகலுமாக மாறிமாறி வரும் பற்கள் கொண்ட செயின்ரிங் அதற்கு வேண்டும். இடக்கை லீவர் பிரேக்குக்கு மட்டும் என்று ஆகிவிடும். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது போதும். கொல்லிமலை, ஏற்காடு என்று போகிறவர் பின்னால் பெரிய கேசட் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் வைத்த எஸ்.டி.ஐ. முறையை ஷிமானோ 1990 வாக்கில் டியுரா-ஏஸில் கொண்டுவந்தது. கம்பக்னோலோவின் எர்கோபவர் 1992இல் வந்தது. அதற்கு முன்பு உலகின் பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் கீழ்க்குழாயில் பூட்டிய சாதாரண லீவர்களோடுதான் ஓட்டப்பட்டன. எஸ்.டி.ஐ. இல்லாத டிராப் பார் குறைபட்டது என்று எண்ண வேண்டியதில்லை. தனி பிரேக் லீவரும் பார்-எண்ட் ஷிஃப்டரும் நெடும்பயணக்காரர்களின் பழைய கூட்டணி. விழுந்தாலும் எளிதில் உடையாது. வழியில் பழுதுபார்க்கவும் சுலபம்.

மாற்றாமலே பெறக்கூடியவை

கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால் இந்தப் பகுதியையும் எடுத்துப்பேச வேண்டும். கை மரப்பது மட்டுமே குறை என்றால், ஃப்ளாட் பாரின் இரு முனைகளிலும் பூட்டும் பார்-எண்ட் கொம்புகள் மிகக் குறைந்த செலவில் இரண்டாவது கைநிலையைத் தந்துவிடும். பட்டாம்பூச்சி வடிவில் வளைந்த டிரெக்கிங் பார் இன்னும் ஒருபடி மேல். ஐரோப்பிய நெடும்பயணக்காரர்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் இந்தப் பாரின் விட்டம் 22.2 மி.மீ. இருக்கிற பிரேக் லீவரும் ஷிஃப்டரும் அப்படியே ஏறும்; பிரேக், கியர் சோதனைகள் இரண்டுமே தேவைப்படாது. நாலைந்து கைநிலைகள் கிடைக்கும். காற்றைக் கிழிப்பதில் டிராப் பாருக்கு ஈடாகாது. கை வலிக்கு நல்ல மருந்து.

மீசைப் பார் இடைப்பட்டது. ரோடு லீவர்களை அது கேட்கும். கீழ் வளைவு ஆழமாக இராது.

வேலை செய்யும்போது

மாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டால் சில நுணுக்கங்களைத் தவற விடக்கூடாது. ரோடு லீவர் கேட்கும் பிரேக் கேபிளின் தலை பேரிக்காய் வடிவம். ஃப்ளாட் பார் லீவரின் கேபிள் தலை உருளை வடிவம். பழைய கேபிளை லீவருக்குள் திணிக்கக் கூடாது. பிரேக் அவுட்டரும் கியர் அவுட்டரும் வேறுவேறு. பிரேக் அவுட்டரின் உள்ளே கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும்; கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால், அழுத்திப் பிடிக்கும் நொடியில் அது வெடித்துப் பிளக்கலாம். அவுட்டரை முழுவதும் புதிதாகவே போடுவது நல்லது. பாரின் வடிவம் மாறும்போது பழைய நீளம் எப்படியும் பொருந்தாது.

ஃப்ளாட் பார் ஷிஃப்டரில் கேபிளின் இறுக்கத்தைத் திருகிச் சரிசெய்யும் உருளை இருந்தது. எஸ்.டி.ஐ. லீவரில் அது இல்லை. கேபிளின் வழியில் இணைக்கும் தனி அட்ஜஸ்டரை, குறிப்பாக முன் டீரெய்லருக்கு, மறக்காமல் போட்டுவிட வேண்டும்.

ஸ்டெம்மின் முகப்பு போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாறிமாறி, நான்கு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கலாம் என்பது ஸ்டெம்மிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர் இதை மட்டுமாவது கடையில் செய்துகொள்ளட்டும். கார்பன் பாராக இருந்தால் இது கட்டாயம்.

டேப் சுற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் ஒரு வாரமாவது ஓட்டி, லீவரின் உயரத்தையும் பாரின் சாய்வையும் சீராக்கிக்கொள்ள வேண்டும். முதல் ஓட்டம் வாகனம் இல்லாத இடத்தில் நடக்கட்டும். ஹூட்டிலிருந்தும் கீழ் வளைவிலிருந்தும் முழு வலுவோடு பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு நிலையிலிருந்து பிடிக்கும்போது லீவர் பாரைத் தொட்டால், அந்தச் சைக்கிள் இன்னும் சாலைக்குத் தயாராகவில்லை.

முடிவு

பரிசீலித்தவற்றைத் தொகுத்தால் மூன்று பிரிவுகள் தெளிகின்றன.

மாற்றலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடியவை: சரியான அளவில் அல்லது அரை அளவு சிறியதாக இருக்கும் ஃப்ரேமில், ரோடு காலிப்பர் அல்லது மெக்கானிக்கல் டிஸ்க்கோடு, 8 அல்லது 9 கியர் வைத்த ஹைப்ரிட்கள். இவற்றில் லீவர், பார், குட்டை ஸ்டெம், கேபிள்கள், தேவைப்பட்டால் ஒரு ஜோடி காலிப்பர் என்பதோடு செலவு நிற்கும். கிடைக்கும் சைக்கிளும் நெடுந்தூரத்துக்கு நம்பகமானதாக இருக்கும். வி-பிரேக் வைத்தவையும் ஆர்எல்520, பார்-எண்ட் ஷிஃப்டர் கூட்டணியால் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகின்றன. எஸ்.டி.ஐ. மேல் உள்ள ஆசையை விட்டால் போதும்.

யோசித்துச் செய்ய வேண்டியவை: 10, 11 கியர் மலைப் பாகங்களோடு வருபவை. டீரெய்லரையோ கப்பியையோ சேர்க்க வேண்டியிருக்கும். பாகங்களின் விலையைக் கூட்டி, பழைய ரோடு பைக் ஒன்றின் விலையோடு ஒப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும்.

விட்டுவிட வேண்டியவை: ஹைட்ராலிக் டிஸ்க் வைத்த ஹைப்ரிட்கள், ஷாக் ஃபோர்க் வைத்தவை, ஓர் அளவு பெரிதாக வாங்கிய ஃப்ரேம்கள். இவற்றில் பணமும் உழைப்பும் செலவழித்தபின் கிடைப்பது, ரோடு பைக்கும் ஆகாத, பழைய ஹைப்ரிடும் ஆகாத ஒன்று. இவற்றுக்கு டிரெக்கிங் பாரோ பார்-எண்ட் கொம்போ போதும். நல்ல ஹைப்ரிடை நல்ல ஹைப்ரிடாகவே வைத்துக்கொண்டு, டிராப் பாருக்கென்று பிறந்த சைக்கிளுக்குப் பணம் சேர்க்கலாம்.

ஒரே சைக்கிள்தான் வைத்துக்கொள்ள முடியும் என்கிறவர்களுக்கு முதல் பிரிவு உண்மையான வாய்ப்பு. நம் ஊர்களில் நெடுந்தூரம் மிதிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘புதிது வாங்கு’ என்று சொல்வது எளிது. அவர்களுடைய ஃப்ரேமின் ரீச்சையும், பிரேக்கின் வகையையும், பின் சக்கரத்தின் கியர் எண்ணிக்கையையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதே அறம். அந்த மூன்று விவரங்களும் கையில் இருந்தால், பாகம் ஒன்றுகூட வாங்குவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும்.